வாட்டுக்குள் நோயாளர் இருக்க, மேலே சிலாப் உதிர்ந்தால்

தம்பி, உங்கள் கடிதத்தையும் நாலு படங்களையும் பார்த்தேன். வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் விஷயத்தைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் ஓர் ஆஸ்பத்திரியில் நீங்கள் பராமரிப்பு மேற்பார்வையாளர். முதலாம் மாடியில் பெண்கள் வாட்டு, அதற்குக் கீழே கிளினிக். வாட்டின் கூரைச் சிலாப்பிலிருந்து உள்ளங்கை அளவில் ஒரு துண்டு இரண்டு கட்டில்களுக்கு நடுவே விழுந்திருக்கிறது. மேலே ஏறிப் பார்த்தால், சிலாப்பின்மேல் முன்பு எப்போதோ போட்ட இலேசு கொங்கிறீட் கையால் பிய்க்கக்கூடியதாக இருக்கிறது. ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டீர்கள், மிதந்தது. இங்கிலாந்தில் தாதியாக இருக்கும் உங்கள் அக்காவிடம் சொன்னபோது, "எங்கட ஆஸ்பத்திரியிலயும் இந்த மிதக்கிற கொங்கிறீட்தான், வாட்டு முழுக்கத் தூண் குடுத்து வச்சிருக்காங்க" என்றாராம். இது அதுதானா, வாட்டை மூடாமல் திருத்த முடியுமா, ஒப்பந்தக்காரர் சொல்வதுபோல் கொத்திப் பூசினால் போதுமா என்பவை உங்கள் மூன்று கேள்விகள்.

பதிலுக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இரண்டாவது படத்தில், துண்டு விழுந்த இடத்திலிருந்து மயிரிழை போல ஒரு வெடிப்பு கம்பி ஓடும் திசையிலேயே நேராகப் போகிறது. அதன் கீழே இன்னமும் கட்டில்கள் கிடக்கின்றன. இன்று இரவே அந்த வரிசையை நகர்த்துங்கள். இடமில்லை என்பார்கள். நெருக்கிப் போட்டாலும் பரவாயில்லை. நகர்த்திய பிறகு ஏணியில் ஏறி, சின்னச் சுத்தியலால் ஒரு முழத்துக்கு ஒரு தட்டு என்று சிலாப் முழுவதும் தட்டுங்கள். நல்ல இடம் 'டிங்' என்று கல்லுப்போலக் கேட்கும். உள்ளே கழன்ற இடம் 'பொக்' என்று பழைய பானைபோலக் கேட்கும். பொக் என்ற இடத்தையெல்லாம் சோக்கால் வட்டமிட்டு, தொங்கிக்கொண்டிருப்பதைக் கையோடு இறக்கிவிடுங்கள். தலைக்கு ஹெல்மெட், கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு நல்ல மாஸ்க். வட்டமிட்ட படத்தை ஒரு தாளில் வரைந்து திகதி போட்டு வையுங்கள். அடுத்த மாதம் திரும்பத் தட்டும்போது வட்டம் வளர்ந்ததா என்று அதுதான் சொல்லும்.

சரி, முதல் கேள்வி. உங்கள் அக்கா சொன்ன பொருளும் உங்கள் கூரையில் இருப்பதும் ஒன்றல்ல. ஆனால் அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது.

அங்கே இருப்பதை 'ராக்' (RAAC) என்று சுருக்கிச் சொல்வார்கள். கம்பி வைத்து, நீராவியில் அவித்து, காற்றுக்குமிழி நிறைத்துச் செய்த கொங்கிறீட் பலகை அது. மணல் அல்லது சாம்பல், சுண்ணாம்பு, சீமெந்து, தண்ணீர் கலந்த கூழில் கொஞ்சம் அலுமினியத் தூள் போடுவார்கள். அலுமினியமும் சுண்ணாம்பும் சேர்ந்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்ப, கூழ் அப்ப மா புளித்ததுபோலப் பொங்கி எழும். இறுகத் தொடங்கியதும் கம்பியால் அளவாக அறுத்து, 180 பாகை செல்சியசுக்குக் குறையாத அழுத்த நீராவியில் அவிப்பார்கள். உடைத்துப் பார்த்தால் உள்ளே பாண் துண்டுபோல இருக்கும். மெற்றல் கல் ஒன்றுகூட இருக்காது. சாதாரண கொங்கிறீட் ஒரு கனமீட்டர் 2,400 கிலோ என்றால் இது 400 முதல் 800 வரைதான். அதனால் மிதக்கும். பலமும் அந்தக் கணக்கிலேயே குறைவு. ஒரு ஸ்குரூடிரைவரை அழுத்தினால் இறங்கிவிடும்.

1920களில் சுவீடனில் பிறந்த பொருள். இங்கிலாந்தில் 1950களின் நடுப்பகுதியிலிருந்து 1990கள் வரை பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அரசாங்கக் கட்டடம் என்று தட்டைக் கூரைகளுக்குப் போட்டார்கள். இலேசு, வெப்பத்தைத் தடுக்கும், பாரந்தூக்கி ஒன்று இருந்தால் ஒரே நாளில் கூரை முடிந்துவிடும். அந்த நாளில் அது ஆசைப்படத்தக்க பொருள்தான்.

சிக்கல் கம்பியில் இருக்கிறது. நம் சிலாப்பில் கம்பியைக் கொங்கிறீட் இறுகப் பிடித்திருக்கிறது. அதோடு கொங்கிறீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. ராக்கில் இரண்டும் இல்லை. கம்பி வழுவழுப்பானது, சுற்றியிருப்பதோ பஞ்சுபோன்றது. எனவே நீளக் கம்பிக்குக் குறுக்கே, முனைகளில் சின்னக் கம்பிகளை ஒட்டியிருப்பார்கள். கம்பி உருவிக்கொண்டு போகாமல் நிறுத்துவது அந்தக் குறுக்குக் கம்பிகள்தான். அவை சுவருக்கோ பீமுக்கோ மேலே நன்றாக உட்கார்ந்திருக்க வேண்டும். குறைந்தது 75 மில்லிமீட்டராவது தாங்கலில் இருக்க வேண்டும் என்பது இன்றைய எதிர்பார்ப்பு. அந்தக் காலத்தில் அதைவிடக் குறுகலாக வைத்தார்கள். சில இடங்களில் பலகையை வெட்டிச் சிறிதாக்கியபோது குறுக்குக் கம்பியும் வெட்டுப்பட்டுப் போய்விட்டது. அப்படிப்பட்ட பலகை ஒன்றையும் காட்டிக்கொடுக்காமல் பல வருடம் இருந்துவிட்டு ஒருநாள் முனையில் அறுந்து விழும். 2018 ஜூலையில் கென்ட் பகுதியில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் கூரை அப்படித்தான் விழுந்தது. வார விடுமுறை நாள், பிள்ளைகள் இல்லை. 2023 ஆகஸ்ட் கடைசியில் இங்கிலாந்து அரசாங்கம் நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிக்கூடங்களுக்கு அந்தக் கூரையுள்ள பகுதிகளை உடனே மூடச் சொன்னது இந்தப் பயத்தினால்.

இன்னொன்று, ராக்கில் துரு வெளியே தெரியாது. நம் சிலாப்பில் கம்பி துருப்பிடித்தால் துரு இரண்டு மடங்குக்கு மேல் ஊதி, கொங்கிறீட்டைப் பிளந்து, துண்டாக உதிர்த்து 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்லிவிடும். ராக்கின் ஓட்டைகளுக்குள் துரு சத்தமில்லாமல் போய் உட்கார்ந்துகொள்ளும். உங்கள் சிலாப் உதிர்ந்தது ஒருவகையில் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையை மேலே பூச்சு போட்டு மூடிவிடாதீர்கள் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்தில், இந்தக் கூரையோடு இயங்கும் ஓர் ஆஸ்பத்திரியில் சில வருடம் ஆய்வுக் குழுவோடு வேலை செய்தேன். அங்கே முழுவதும் அல்லது பெரும்பகுதி ராக்கால் கட்டப்பட்ட ஏழு ஆஸ்பத்திரிகள் உண்டு. அயர்டேல், லெய்ட்டன், ஃபிரிம்லி பார்க், ஹிஞ்சிங்புரூக், ஜேம்ஸ் பாஜெட், வெஸ்ட் சஃபோக், கிங்ஸ் லின்னில் உள்ள குயின் எலிசபெத். இவற்றைத் திருத்தி எடுக்கும் யோசனையைக் கைவிட்டுப் புதிதாகவே கட்டுவதென்று முடிவெடுத்தார்கள். ஆனால் புதிது எழும்பும்வரை பழையதில் பிள்ளை பிறக்க வேண்டும், சத்திரசிகிச்சை நடக்க வேண்டும். அந்த இடைக்காலத்தை எப்படிக் கடக்கிறார்கள் என்பது நமக்கு மிகவும் பயன்படும்.

அங்கே யாரும் அந்தப் பலகையைத் 'திருத்துவது' இல்லை. அதற்குள் மருந்து ஊற்றிப் பலமாக்க முடியாது, பூசினால் பாரம்தான் கூடும். பாரத்தை வேறொன்று ஏற்றுக்கொள்ளும்படி செய்வதுதான் வேலை. தாங்கல் குறுகலாக இருந்தால், சுவரோரமாக இரும்புக் கோணச் சட்டமோ மரச்சட்டமோ அடித்துத் தாங்கலை அகலமாக்குவார்கள். பலகை நடுவில் தொய்ந்திருந்தால் அடியில் புதிய சட்டங்கள் கொடுப்பார்கள். நீளத்தில் நூறில் ஒரு பங்குக்கு மேல் தொய்வு, அதாவது 5 மீட்டர் பலகையில் 50 மில்லிமீட்டர், கவலைப்பட வேண்டிய அளவு. பெரிய பரப்பு என்றால் அடியில் இரும்புச் சட்டகம் ஒன்றைக் கட்டி, பலகை அறுந்தாலும் அதன்மேல் விழுந்து நிற்கும்படி செய்வார்கள். இவை முடியும்வரை அடியில் தற்காலிகத் தூண்களாக முட்டுகள். கிங்ஸ் லின்னில் அவை ஆயிரக்கணக்கில் நின்றன. 5 மீட்டர் நீளம், 600 அகலம், 200 தடிப்பு உள்ள ஒரு பலகை 360 கிலோ, அதாவது ஏழு சீமெந்து மூடை. இலேசு கொங்கிறீட் என்று பெயரே தவிர, கட்டிலில் கிடப்பவருக்கு அது இலேசல்ல.

ஒரு வாட்டில் முட்டு நிறுத்திய இரவு எனக்கு மறக்காது. ஒன்பது மணிக்குத் தொடங்கினோம். ஆறு கட்டில் உள்ள பகுதியில் நாலு பேரைப் பக்கத்து வாட்டுக்கு மாற்றியிருந்தார்கள். இரண்டு பேரை அசைக்க முடியாது. முதலாவது முட்டை நிறுத்தி இறுக்கியதும் தலைமைத் தாதி வந்து கட்டிலை இழுத்துப் பார்த்தார். கட்டிலின் பக்கத் தடுப்பு, முட்டின் உயரத்தை நிறுத்தும் இரும்பு ஊசியில் தட்டியது. "ராத்திரி இருதயம் நின்றால் நாலு பேர் கட்டிலைச் சுற்றி நிற்க வேண்டும், இதில் இடம் எங்கே?" என்று கேட்டார். கேட்டது சரி. வரைபடத்தில் எங்கள் கணக்கு அழகாக இருந்தது, கட்டிலைச் சுற்றி நிற்கும் ஆட்களை நாங்கள் வரையவில்லை. மூன்று முட்டுகளைக் கழற்றி, மேலே நீளச் சட்டம் கொடுத்து, கால்களைச் சுவரோரம் தள்ளினோம். ஊசிகளுக்கெல்லாம் பஞ்சு சுற்றி மஞ்சள் நாடா ஒட்டினோம். விடியப் பார்த்தால் அசைக்க முடியாதிருந்த அந்த அம்மா தன் கம்பளிச் சட்டையை முட்டில் தொங்கவிட்டிருந்தார். அவரோடு பேசி, இதைத் தொடக் கூடாது, ஏன் தொடக் கூடாது என்று விளங்கப்படுத்தினோம். அன்றிலிருந்து, முட்டு வைக்கும் முன் நோயாளரிடமும் உறவினரிடமும் சொல்வது வேலையின் ஒரு பகுதி ஆனது. உங்கள் இடத்திலும் ஒப்பந்தக்காரரைக் கூப்பிடும் முன் மேற்றனைக் கூப்பிடுங்கள்.

இனி உங்கள் கட்டடத்துக்கு வருவோம். மூன்றாவது படத்தில், விழுந்த துண்டின் உடைந்த முகத்தில் கருநீலமாய் மெற்றல் கல் தெளிவாகத் தெரிகிறது, பக்கத்தில் கம்பி இருந்த தடமும் செம்பழுப்புத் துருவும். ஆகவே சிலாப் வார்த்த சாதாரண கொங்கிறீட். வாளியில் மிதந்தது அதன்மேல் மழைத்தண்ணீர் வடிய ஓட்டம் எடுக்கவும் வெயிலைத் தடுக்கவும் போட்ட நுரைக் கொங்கிறீட். கம்பி இல்லாத வெறும் நிரப்பல். அது தானாக விழுந்து யாரையும் கொல்லாது. ஆனால் கீழே நடக்கும் கேட்டுக்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நுரைக் கொங்கிறீட் ஒரு கடற்பஞ்சு. மேலே போட்ட தார்ப் படலம் வெடித்த நாளிலிருந்து ஒவ்வொரு மாரிக்கும் அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்கிறது. கோடையில் மேல்பக்கம் காய்ந்து நல்லதுபோலத் தெரியும், அடிப்பக்கம் ஈரமாகவே இருக்கும். நூறு மில்லிமீட்டர் தடிப்பில் பாதி இடத்தைத் தண்ணீர் பிடித்தால் ஒரு சதுர மீட்டருக்கு 50 லீற்றர், அதாவது ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஒரு சீமெந்து மூடையை வைத்ததுபோல. உங்கள் வாட்டு எட்டுக்கு இருபது மீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். 160 மூடை, 8 தொன். சிலாப் கட்டியவர் இந்தப் பாரத்தைக் கணக்கில் வைத்திருக்க மாட்டார்.

பாரத்தைவிட மோசமானது உப்பு. நமது நகரம் ஒருபக்கம் உள்துறைமுகமும் மறுபக்கம் வங்கக் கடலுமாக நடுவில் கிடக்கிறது. வீட்டு ஜன்னல் கிரில் எத்தனை மாரியில் துருப்பிடிக்கிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாடைக்காற்றில் வரும் உப்பு, கூரைமேல் படிந்து, மழையோடு அந்தப் பஞ்சுக்குள் இறங்கி, தங்கி, சிலாப்பை மேலிருந்து ஊறவைக்கிறது. கட்டிய காலத்தில் உவர்க் கிணற்றுத் தண்ணீரோ கழுவாத கடல்மணலோ சேர்ந்திருந்தால் உள்ளேயும் உப்பு இருக்கும். எது என்று பார்த்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் வைத்தியம் வேறு வேறு.

பார்ப்பது கடினமல்ல. சோக்கு வட்டத்துக்கு உள்ளே இரண்டு, வெளியே நல்ல இடத்தில் இரண்டு என்று துளைபோட்டு, ஆழத்துக்கு ஆழம் தூளைத் தனித்தனிப் பையில் எடுங்கள். துளை தொடங்கும் முகத்திலிருந்து 25 மில்லிமீட்டர் வரை, 25 முதல் 50 வரை, இப்படி. உப்பைக் காட்டும் குளோரைட்டு அளவு பார்க்கத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திலோ பேராதனைப் பொறியியல் பீடத்திலோ கேளுங்கள். சீமெந்தின் நிறையில் 0.4 சதவீதத்தைத் தாண்டினால் கம்பிக்கு ஆபத்து என்பது பொதுவான எல்லை. உடைந்த புது முகத்தில் பினோப்தலின் கரைசலைத் தெளித்தும் பாருங்கள். அடர் இளஞ்சிவப்பாக மாறினால் காரத்தன்மை இன்னும் இருக்கிறது. நிறம் மாறாத பகுதி கம்பியின் ஆழம்வரை வந்துவிட்டால், காற்றே காரத்தைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். துளைபோடும் முன் மின்கம்பி, ஒட்சிசன் குழாய் ஓடும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வாட்டில் தட்டை அஸ்பெஸ்டஸ் சீலிங் ஏதும் இருந்தால் அதை உடைக்காதீர்கள், துளைக்காதீர்கள். ஈரமாக்கி, முழுத் தகடாகக் கழற்றிப் பொதியுங்கள்.

இப்போது ஒப்பந்தக்காரரின் யோசனை. உதிர்ந்த இடத்தைக் கொத்தி, சீமெந்துச் சாந்து பூசி, மேலே வெள்ளை அடிப்பது. பலர் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை, கண்ணுக்குத் தெரிகிற காயத்துக்குக் கட்டுப் போடுகிறார்கள். ஆனால் உப்புள்ள சிலாப்பில் ஒரு விசித்திரம் உண்டு. துருப்பிடிக்கும் துண்டு, பக்கத்துக் கம்பிக்குத் தான் பலியாகி அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். நீங்கள் அந்த இடத்தை மட்டும் சுத்தமாக்கிப் புது மருந்துச் சாந்து வைத்தால், பலி கொடுக்க ஆளில்லாமல், பூச்சின் விளிம்பைச் சுற்றியுள்ள கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும். இரண்டு மூன்று வருடத்தில் பூச்சு அப்படியே இருக்க அதைச் சுற்றி வளையமாக உதிரும். நிலாவெளிப் பக்கத்தில் ஒரு கட்டடத்தில் இந்த வளையத்தை நானே அளந்திருக்கிறேன். ஒரே அறையில் மூன்று தலைமுறைப் பூச்சு, ஒன்றைச் சுற்றி ஒன்று.

செய்ய வேண்டிய ஒழுங்கு இது. முதலில் முட்டு. உங்கள் வாட்டு மேல்மாடியில் இருப்பதை மறக்காதீர்கள். முட்டின் காலில் வரும் பாரம் வாட்டுத் தரையை அமுக்கும், ஆகவே கீழே கிளினிக்கிலும் அதே நேர்கோட்டில் முட்டு நின்று, பாரம் மண்ணுக்குப் போக வேண்டும். மேலே மட்டும் முட்டு வைத்துத் தரையை உடைத்த கதைகள் உண்டு. எத்தனை முட்டு, எங்கே என்பதை அனுபவமுள்ள கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவர் கணக்குப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். இதில் மேசனின் அனுபவம் போதாது.

பிறகு கூரைமேல் உள்ள நுரைக் கொங்கிறீட்டை எடுப்பது. திருத்த வேலையில் பாதி இதுதான். இரண்டு மீட்டர் அகலப் பட்டையாக, அலவாங்கும் மண்வெட்டியுமாகக் கையால் எடுங்கள். உடைக்கும் மெஷின் வேண்டாம், அதிர்வு கீழே தொங்கும் துண்டுகளை உலுப்பிவிடும். எடுத்ததைக் கூரையில் குவிக்கவே கூடாது. ஈரத்தோடு குவித்தால் ஒரே இடத்தில் ஒரு தொன் சேர்ந்துவிடும். உடனுக்குடன் மூடிய குழாய்வழியே கீழே இறக்குங்கள். மழை வந்தால் மூடத் தார்ப்பாய் கையோடு இருக்க வேண்டும். பஞ்சு போனதும் சிலாப்பின் மேல்முகத்தை முதல்முறையாகப் பார்ப்பீர்கள். அங்கேயும் தட்டி வட்டமிடுங்கள்.

சிலாப் திருத்தம் பற்றிச் சுருக்கமாக. கழன்ற கொங்கிறீட்டைக் கம்பிக்குப் பின்னால் விரல் போகும் அளவு, 20 முதல் 25 மில்லிமீட்டர், வெட்டி எடுக்க வேண்டும். துரு முடிந்து நல்ல கம்பி தெரிந்த பிறகும் இன்னும் 50 மில்லிமீட்டர் தாண்டிப் போக வேண்டும். கம்பியை வெள்ளிபோலத் துலக்கி, மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்து, பொலிமர் கலந்த திருத்தச் சாந்தை அடுக்கடுக்காக அழுத்தி வைக்க வேண்டும். விளிம்புகளில் கம்பியோடு சின்ன நாக (சிங்க்) உலோகத் துண்டுகளைக் கட்டினால், முன்பு துருத் துண்டு செய்த பலியை அவை ஏற்றுக்கொள்ளும். வளையம் வராது. ஆனால் பரிசோதனையில் உப்பு முழு ஆழத்துக்கும் இருக்கிறது என்று வந்தால் இந்த வேலைக்குக் காசு போடாதீர்கள். அப்போது இங்கிலாந்துக்காரர் செய்ததுபோல அடியில் இரும்பு பீம் கொடுத்துப் பாரத்தை மாற்றி ஏற்றுவதோ, பகுதி பகுதியாகச் சிலாப்பை அகற்றுவதோதான் வழி. இரும்பு பீமுக்கும் நம் கடற்காற்றில் நல்ல நாகப் பூச்சு வேண்டும்.

வாட்டை மூடாமல் முடியுமா என்று கேட்டீர்கள். ஆஸ்பத்திரியை மூடாமல் முடியும், வாட்டை முழுவதும் திறந்து வைத்துக்கொண்டு முடியாது. மூன்றில் ஒரு பகுதியைக் காலியாக்கி, முடித்து, அடுத்ததுக்குப் போங்கள். வேலை நடக்கும் பகுதிக்கும் நோயாளருக்கும் நடுவில் தரையிலிருந்து சிலாப் வரை தடித்த பொலித்தீன் சுவர். ஜன்னலில் பெரிய உறிஞ்சு விசிறி ஒன்றை, நுண்தூசி வடிகட்டியோடு, காற்றை வெளியே தள்ளும்படி பொருத்துங்கள். அது ஓடும்போது காற்று வாட்டிலிருந்து வேலைப் பகுதிக்குள் போக வேண்டும், திரும்பி வரவே கூடாது. பார்க்க மெஷின் தேவையில்லை. பொலித்தீன் கதவின் இடுக்கில் ஒரு டிஷ்யூக் கீலத்தைத் தொங்கவிடுங்கள். அது உள்ளே, வேலைப் பக்கம் வளைந்தால் சரி. வாட்டுப் பக்கம் வளைந்தால் வேலையை நிறுத்துங்கள். ஒவ்வொரு காலையும் தாதி ஒருவர் இதைப் பார்த்துக் கையெழுத்திடுவது நல்லது.

ஏன் தூசிக்கு இவ்வளவு? பழைய ஈரக் கூரையிலும் சீலிங்கிலும் அஸ்பர்ஜிலஸ் என்ற பூஞ்சணம் வாழும். உங்களுக்கும் எனக்கும் அது தும்மலோடு போய்விடும். புற்றுநோய் மருந்து எடுப்பவர், சிறுநீரகம் மாற்றியவர், நீண்டகாலம் ஸ்டீரொயிட் எடுப்பவர் போன்றோருக்கு நுரையீரலில் வேரூன்றிக் கொல்லும். கட்டட வேலை நடந்த ஆஸ்பத்திரிகளில் இது பலமுறை நடந்திருக்கிறது. அப்படிப்பட்டவர்களை வேலை தொடங்கும் முன்பே வேறு கட்டடத்துக்கு மாற்றச் சொல்லி வைத்தியரிடம் பட்டியல் கேளுங்கள். வேலையாட்களுக்கும் கொங்கிறீட் தூசி நுரையீரலைக் கெடுக்கும். துணியைக் கட்டிக்கொண்டு வெட்டும் பழக்கத்தை விடச் சொல்லுங்கள், இறுக்கமான மாஸ்க் கொடுங்கள்.

குப்பையை மூடிய பையில், சாப்பாட்டுத் தள்ளுவண்டியும் நோயாளரும் போகாத வழியால், வெளிப் படிக்கட்டு இருந்தால் அதனாலேயே இறக்குங்கள். சத்தமான வேலைக்கு மணித்தியாலம் குறித்து, நோயாளர் தூங்கும் மத்தியானத்திலும் வைத்தியர் சுற்றுப் பார்க்கும் காலையிலும் நிறுத்துங்கள். வெல்டிங் என்றால் அந்தப் பகுதி ஒட்சிசன் வால்வு மூடியிருக்கிறதா என்று எழுத்தில் உறுதி எடுக்காமல் தொடங்க விடாதீர்கள். முட்டு நிற்கும் வாட்டிலிருந்து தீப்பிடித்தால் கட்டில்களை எவ்வழியால் இறக்குவது என்று ஒருமுறை உண்மையாகவே தள்ளிப் பாருங்கள். 2023 இல் இங்கிலாந்தில் ராக் உள்ள ஆஸ்பத்திரிகளிடம் முதலில் கேட்டவற்றில் ஒன்று, கூரை விழுந்தால் ஆட்களை வெளியேற்றும் திட்டம் கையில் இருக்கிறதா என்பதுதான்.

அடுத்து, திரும்ப நுரைக் கொங்கிறீட் போட ஆசைப்படாதீர்கள். சிலாப்பின்மேல் மெல்லிய ஓட்டச் சாந்தும் நீர்த்தடுப்புப் படலமும் போட்டு, அதற்கு மேலே இரும்புச் சட்டத்தில் தகரக் கூரை ஒன்று கொடுத்தால் வெயிலும் மழையும் சிலாப்பைத் தொடாது. எப்போதும் அடியில் போய்ப் பார்க்கலாம், ஒழுகினால் தெரியும். ஆனால் சட்டத்தைப் பீமிலும் தூணிலும் நங்கூரமிட்டுக் கட்ட வேண்டும். 2020 டிசம்பர் 2 இல் புரெவிப் புயல் நமக்கு வடக்கே குச்சவெளிப் பக்கமாகத்தான் கரையேறியது. அடுத்தது எங்கே ஏறும் என்று பார்த்துக்கொண்டு தகரம் போட முடியாது.

ஒரு சின்ன விஷயம், குழப்பம் வராமல் இருக்க. இப்போது சுவர் கட்ட வரும் இலேசான வெள்ளைக் கற்களும் நீராவியில் அவித்தவைதான், ஆனால் கம்பி கிடையாது, சுவராக நின்று அமுக்கத்தை மட்டும் தாங்கும். ராக்கின் பயம் அவற்றுக்கு இல்லை. ரெஜிபோம் மணி கலந்த பலகைகள் முற்றிலும் வேறு பொருள்.

காலத்தைப் பற்றி. இப்போது வைகாசி. கச்சான் வீசத் தொடங்கிவிட்டது, நுரைக் கொங்கிறீட்டை எடுக்க இதைவிட நல்ல காலம் இல்லை. ஆனால் அதே காற்று புதுச் சாந்திலிருந்து தண்ணீரை உறிஞ்சி மயிர் வெடிப்பு போடும். மேலே வைக்கும் திருத்தங்களுக்கு ஈரச் சாக்குப் போர்த்தி ஏழு நாளாவது காயாமல் பார்க்க வேண்டும். காலையில் நனைத்த சாக்கு பத்து மணிக்குள் காய்ந்துவிடும், அதற்கென்றே ஓர் ஆளை வையுங்கள். நீர்த்தடுப்புப் படலம் புரட்டாதி முடிய முன் மூடியாக வேண்டும். ஐப்பசி மழைக்குத் திறந்த சிலாப்போடு அகப்பட்டால் வாட்டு முழுவதையும் காலியாக்க வேண்டி வரும். உள்ளே அடிப்பக்கத் திருத்தத்தை மாரியிலும் தொடரலாம்.

தூள் எடுத்த ஆழங்களும் குளோரைட்டு அளவுகளும் வந்ததும் எழுதுங்கள். சோக்கு வட்டம் போட்ட தாளையும் படம் எடுத்து அனுப்புங்கள், பீம் ஓடும் இடங்களை அதில் கோடு போட்டுக் காட்டுங்கள். நாகத் துண்டோடு திருத்தலாமா, இரும்பு பீமா என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கட்டில்களை நகர்த்தியாயிற்று என்ற ஒரு வரியை மட்டும் அதற்கு முன்பே, இன்றே அனுப்பிவிடுங்கள்.